அனுப்புநர் முகவரி

1

சென்ற வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு படிவம் வந்தது. நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீடுகளின் பெயரை மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். ‘மாற்றலாம்’, ‘வேண்டாம்’, ‘கருத்து இல்லை’ என்று மூன்று கட்டங்கள். அவற்றுக்குக் கீழே, இந்தக் குடியிருப்பின் பெயரால் உங்களுக்கு வெளியில் எப்போதாவது அவமானம் நேர்ந்ததுண்டா, உண்டென்றால் சுருக்கமாக எழுதவும் என்று போட்டு நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் இருக்கிறாள் என்றதும் நீங்கள் மனதில் கட்டிக்கொள்ளும் வீடு என்னுடையது அல்ல. கவுன்சில் வீடு என்றால் அரசாங்கம் கட்டி, குறைந்த வாடகைக்கு விட்ட வீடு. எங்களுடையது வடக்கே ஒரு பழைய நூற்பாலை ஊரில், ஆறு மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி. இரண்டு அறை, நல்ல சமையற்கட்டு, குளிர்காலத்தில் சுவரில் கொஞ்சம் ஈரம். என் கணவர் பஸ் ஓட்டினார், நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் மாலதி இந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். கணவர் போய் ஆறு வருடமாகிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

படிவம் வந்த மறுநாள் கடையில் மாலதியின் தோழியுடைய அம்மாவைப் பார்த்தேன். “உங்கள் பெண்ணுக்கு இன்னும் இரண்டு கடிதம் வந்திருக்கிறது, எங்கள் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. மாலதி ஒரு வருடமாக வேலைக்கு விண்ணப்பம் போடும் இடத்திலெல்லாம் அந்தத் தோழியின் வீட்டு முகவரியைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். அவள் கோட்டைக் கழற்றிக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருவது பத்து வயதிலிருந்தே பழக்கம்.

“நம்ம அட்ரஸைப் பார்த்தாலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் அம்மா. இரண்டு மாதம் இங்கிருந்து அனுப்பினேன், ஒரு பதில் வரவில்லை. அங்கிருந்து அனுப்பினேன், மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்ய?”

“இங்க இருக்கறது வெக்கமா உனக்கு?”

“எனக்கு வெட்கமில்லை. எனக்கு வேலை வேண்டும்.”

கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளைத் திட்ட யாருக்கு உரிமை இருந்தாலும் எனக்கு இல்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான்கு கோட்டில் அடங்காது.

2

அறுபதுகள் தொடங்கிய சமயத்தில் நாங்கள் செஞ்சியில் ஏரிக்கரையின்மேல் குடிசை போட்டிருந்தோம். நைனா ஒற்றை மாட்டு வண்டி ஓட்டி, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மண்டிக்கு மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, ஏற்றிவருவார். அம்மா பருவத்துக்கு மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆயப் போவாள், மற்ற நாளில் கழனி வேலை. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அக்கா கஸ்தூரி என்னைவிட நான்கு வயது பெரியவள். நான் விஜயா.

ஒரு ஐப்பசி மழையில் கரை சரிந்து குடிசைகள் தண்ணீரோடு போயின. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் ஊருக்கு வெளியே முப்பத்திரண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. கோட்டை இருக்கும் ராஜா மலையையும் ராணி மலையையும் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். மூன்றாவதாக ஒரு மலை உண்டு. அதன் பெயரே ஒரு சாதியின் பெயர். ஊரில் சண்டை முற்றினால் அந்தப் பெயரை வசவாக எடுப்பார்கள். எங்கள் வீடுகளை அந்த மலைப்பக்கம் கட்டியிருந்தார்கள்.

குடிபோன முதல் நாள் அம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். செங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு, பூட்டுப் போடக்கூடிய கதவு. “இனிமே மழ வந்தா தூங்கலாம்” என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். குடிசையில் இருந்தபோது நாங்கள் ஏழைகள், அவ்வளவுதான். ஓட்டு வீட்டுக்கு வந்த பிறகு ‘காலனி’ ஆனோம். கரையின்மேல் எல்லாச் சாதியிலும் ஆள் இருந்தது. சேரியிலிருந்து வந்த குடும்பங்கள் பாதி, மீதி எங்களைப் போல மற்றச் சாதிக்காரர்கள். யார் எவர் என்று ஊர் கேட்கவில்லை. காலனி என்பதே போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாருடைய பலப்பம் காணாமல் போனாலும் “காலனிப் பசங்க எழுந்து நில்லுங்க” என்பார் வாத்தியார். மண்டியில் மூட்டை குறைந்தால் முதலில் நைனாவின் வண்டியைத்தான் அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

நைனா அதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இப்போதும் கசக்கிறது. மண்டியில், டீக்கடையில், எங்கே யார் கேட்டாலும், “நாங்க காலனியிலதான் இருக்கறோம், ஆனா அவங்க ஆளு இல்ல” என்பார். ஒரு நாள் வீட்டிலும் அதைச் சொன்னார். அக்கா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

“அவங்க இல்ல, அவங்க இல்லன்றியே நைனா, பக்கத்து வூட்டு அஞ்சல காதுல அது உழாதா? நேத்து உனுக்கு ஜுரம்னு கஞ்சி யாரு கொண்டாந்தா?”

“ஊரு வாய அடைக்கணுமில்ல?”

“ஊரு வாய அடைக்க அவங்க மூஞ்சில கரிய பூசுறியா?”

நைனா கை ஓங்கினார். அடிக்கவில்லை. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு வீட்டுக்குள் எடுக்கவும் இல்லை. வெளியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

3

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். காலனியில் அவ்வளவு படித்தது அவள் ஒருத்திதான். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்த பள்ளிக்கூடத்து டீச்சர், முகவரிக் கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினாராம்.

“டவுன்ல உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? அந்த அட்ரஸப் போடலாமே.”

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். தையற்காரர். அவர் முகவரியைப் போட்டிருக்கலாம். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். “நான் எங்க இருக்கறேனோ அங்கதான டீச்சர் எனக்கு லெட்டர் வரணும்?” என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

ஆனால் காலனிக்குக் கடிதம் வருவதில்லை. தபால்காரர் உள்ளே வரமாட்டார். ரோடு திரும்பும் முக்கில் ஒரு மளிகைக்கடை இருந்தது. காலனிக் கடிதம் எதுவானாலும் அங்கே கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கடைக்காரர் அதைப் புளி மூட்டைக்கு மேல் ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். ஞாபகம் வந்தால், எங்களில் யாராவது சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக் கொடுப்பார்.

நேர்காணலுக்கு அழைத்து வந்த கடிதம் அந்த டப்பாவில் ஒன்பது நாள் கிடந்தது. அம்மா உப்பு வாங்கப் போனபோது, “இந்தாம்மா, உம் பொண்ணுக்கு இன்னாவோ வந்து கெடக்குது” என்று கொடுத்தார். அக்கா பிரித்துப் படித்தாள். நேர்காணல் முந்தாநாள் முடிந்துவிட்டிருந்தது.

அன்றே நைனாவும் அவளும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார்கள். பயிற்சிப் பள்ளியில் ஒரு குமாஸ்தாவைத்தான் பார்க்க முடிந்தது. அவர் கடிதத்தையும் உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதி போட்டுத்தானே அனுப்பியிருக்கிறோம், வராதது உங்கள் தப்பு, அடுத்த வருடம் பாருங்கள் என்றாராம். நைனா, “கடைக்காரரு குடுக்கலைங்க” என்றிருக்கிறார். “வீட்டுக்கு வர்ற லெட்டரைக் கடைக்காரர் ஏன் குடுக்கணும்?” என்று கேட்டாராம் அவர்.

திரும்பி வரும்போது அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

4

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். வார்டில் பெரிய நர்ஸ் ஒருவர், எந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறாய் என்று கேட்டார். “நான் காலனியிலிருந்து வருகிறேன்” என்றேன். அந்தம்மா முகம் சிவந்துவிட்டது. இங்கே காலனி என்றால் அவர்கள் ஆண்ட நாடு. நான் ஏதோ குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கோ வேறு பயம். இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் மாறுகிறதே, இங்கேயும் தெரிந்துவிட்டதா என்று.

அதைவிட ஆச்சரியம், வேறு எதையுமே சொல்ல என் வாய்க்கு அன்று தோன்றாமல் போனது. ஊரில் இருந்தவரை அந்தச் சொல்லை ஒளித்துவைத்தவள் நான். யாரும் அறியாத இடத்தில் அதுவாகவே வந்து விழுந்தது.

கவுன்சில் வீட்டுக்குச் சாவி வாங்கிய நாளில் நானும் சுவரைத் தடவித்தான் பார்த்தேன். பிறகு இங்கேயும் ஒன்றொன்றாகத் தெரிந்தது. டாக்டரின் கிளினிக் கவுண்டரில் முகவரி சொன்னதும் எழுதுகிற பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பாள். டாக்ஸிக்காரர் ரோட்டிலேயே இறக்கிவிடுவார். மாலதியின் ஏழாவது பிறந்த நாளுக்கு வகுப்பில் பதினோரு பிள்ளைகளைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் இதே கட்டடம். மிச்சக் கேக்கை என் கணவர் மறுநாள் டிப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மாலதி பிறந்த நாளுக்கு யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. நாங்களும் அவளிடம் ஏனென்று கேட்கவில்லை.

5

அக்கா அந்த வருடம் முழுக்கத் தபாலுக்காகப் போராடினாள். முதலில் தபாலாபீசுக்கு ஒரு மனு எழுதினாள். காலனியில் வீடு வீடாகப் போய்ப் பெயரும் கைநாட்டும் வாங்கினாள். நைனா போடமாட்டேன் என்றார். “மனு கினுன்னு போனா வூட்டப் புடுங்கிடுவானுங்கடி” என்றார். அம்மா எழுந்து வந்து கட்டை விரலை மையில் வைத்தாள்.

மனுவைப் பார்த்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். அங்கே தெருப்பெயர் இல்லை, கதவு எண் இல்லை, யாருக்கு யார் என்று தபால்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டார். அக்கா அன்றே ரோடு போடுகிறவர்களிடம் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தார் வாங்கிவந்தாள். ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எல்லாக் கதவுக்குப் பக்கத்திலும் எண் எழுதினாள். எங்களுடையது பதினேழு. போய்ச் சொன்னாள். சரி பார்க்கலாம் என்றார்கள். தபால்காரர் அப்போதும் வரவில்லை. “வருஷத்துக்கு நாலு லெட்டர் வராத எடத்துக்கு நான் ஏன் சுத்திக்கிட்டு வரணும்?” என்று கடைக்காரரிடம் சொன்னாராம்.

அதைக் கேட்டுவிட்டு வந்து அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு அம்மாவோடு இரண்டு வாரம் மல்லாட்டை ஆயப் போனாள். அந்தக் கூலியில் முப்பத்திரண்டு தபால் கார்டு வாங்கினாள். உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு எழுதினாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ‘நலம். நலமறிய ஆவல். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேயே இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன். இப்படிக்கு, கஸ்தூரி, கதவு எண் 17.’ நானும் அவளும் கடைத்தெருத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டோம். பிறகு வீடு வீடாக, உங்களுக்கு ஒரு கடிதம் வரப்போகிறது என்று சொல்லிவைத்தாள்.

அவ்வளவு கார்டும் மளிகைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலையிலிருந்து காலனி சனம் முழுக்கக் கடைக்கு முன்னால் நின்றது. “எம் பேருக்கு லெட்டர் வந்துச்சா?”, “எனுக்கு வந்துச்சா?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். கடைக்காரர் படிக்கத் தெரிந்தவர், ஆனால் வியாபார நேரம். பக்கத்து வீட்டு அஞ்சலை, அறுபது வயதுக்குமேல் ஆனவள், வாழ்க்கையில் கடிதமே வராதவள். அவள் கார்டை வாங்கி, படித்துச் சொன்னால்தான் போவேன் என்று அங்கேயே நின்றாளாம். அடுத்த மாதமும் அக்கா முப்பத்திரண்டு கார்டு எழுதினாள். இரண்டாம் முறை கடைக்காரர் தபால்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“இது கடையா, தபாலாபீசா? உன் லெட்டர நீயே கொண்டும்போய்க் குடு, எங்கிட்ட வெக்காத!”

அதற்கடுத்த வாரம் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காலனிக்குள் வந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்றார். ஆனால் வந்தார். ஒன்று, இரண்டு என்று எண் பார்த்துக் கொடுத்துக்கொண்டே போனார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். நைனா வாசலில் நின்று கார்டை இரண்டு கையாலும் வாங்கினார். படிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்து, “நம்ம பேரு எங்க இருக்குது, காட்டு” என்றார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அக்கா மறுபடி பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் இந்தத் தடவை சரியான நாளில், கதவு எண் பதினேழுக்கே வந்தது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இடங்கள் பூர்த்தியாகிவிட்டபடியால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று இருந்தது. முன் வருடம் கூப்பிட்டவர்கள் இந்த வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மல்லாட்டை ஆயப் போனாள். பிறகு எப்போதும் அதுதான் அவள் வேலையாயிற்று. வீட்டுக்கு வந்து சாயங்காலத்தில் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள், மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள்.

6

இனி என் கதை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மதராஸில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். அக்கா பட்டதைப் பார்த்தவள் நான். விண்ணப்பத்தில் மாமா வீட்டு முகவரியைப் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. கடிதம் மாமா வீட்டுக்கு வந்தது. மாமா சந்தோஷமாக எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, “இடம் கெடச்சிடுச்சி!” என்று அக்கா கையில்தான் முதலில் கொடுத்தார்.

அக்கா உறையைப் பார்த்தாள். என் பெயர், மாமாவின் பெயர், கடைத்தெருச் சந்து. முழுக்க ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா படிடி” என்றாள். உறையை என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அவள் ஏதாவது கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். தார் பூசி எழுதிய நம்பர் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்று கேட்டிருப்பேன். அதற்குப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர். எல்லாரும் நல்ல பெண்கள்தான். யாருடைய அப்பா என்ன வேலை, வீடு எந்தத் தெரு என்று பேச்சு வரும். நைனா மண்டி வியாபாரம் செய்கிறார், வீடு கடைத்தெருவில் இருக்கிறது என்றேன். வாரம் தவறாமல் அக்காவின் கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் இடத்தில் அவளுடைய முத்து முத்தான எழுத்தில் கஸ்தூரி, காலனி, கதவு எண் 17 என்று இருக்கும். ஒரு நாள் அறைத்தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

“யாருப்பா இது, காலனியிலேருந்து எழுதறது?”

“எங்க வீட்டுல வேலை செய்யறவங்க” என்றேன். “அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவங்கதான் எழுதுவாங்க.”

யோசித்துச் சொன்னதில்லை. கேட்ட உடனே வந்துவிட்டது. சொன்ன பிறகு அதை மாற்ற வழியில்லை. ஒரு வருடம் அதுவே நின்றது.

அடுத்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தோழி மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள். “விஜயா, உங்க வீட்டு வேலைக்காரம்மா வந்திருக்காங்க, கஸ்தூரின்னு பேரு சொன்னாங்க, கேட்டுல நிக்கிறாங்க.”

ஓடினேன். அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் நசுங்கிய புடவை, கையில் மஞ்சள் பை. தோழி கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருந்தது. அது அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. தோழி என் பின்னாலேயே இறங்கி வந்து நின்றாள்.

நான் ‘அக்கா’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்துக்கு மேல் இல்லை. சொல்லவில்லை.

அக்கா பையை நீட்டினாள். “மல்லாட்ட உருண்ட இருக்குதும்மா. அம்மா குடுத்து வுட்டாங்க. ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாங்க” என்றாள்.

என்னை அம்மா என்றாள். பெரிய வீட்டுப் பெண்ணை வேலைக்காரி கூப்பிடும் விதத்தில். பிறகு தோழிக்கும் சேர்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். செஞ்சியிலிருந்து அத்தனை நேரம் பஸ்ஸில் வந்தவள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தோழி, “பாவம், நல்லவங்களா இருக்காங்க” என்றாள்.

அடுத்த வாரமும் கடிதம் வந்தது. எப்போதும்போல அம்மாவின் கால் வலி, நைனாவின் மாடு, காலனிப் பிள்ளைகளில் யார் தேறினார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாள். மதராஸ் வந்துபோனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உறையைத் திருப்பினேன். அனுப்புநர் இடம் காலியாக இருந்தது. நான் படித்து முடிக்கிற வரைக்கும் வந்த எந்தக் கடிதத்திலும் அவள் தன் முகவரியை எழுதவில்லை.

7

இதை மாலதியிடம் நேற்று முழுக்கச் சொன்னேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, அவள் அப்பாவிடம்கூட. அவளுக்குப் பெரியம்மா என்றால் ஒரு போட்டோ, போன் செய்தால் “நல்லா இருக்கியாம்மா, சாப்டியா?” என்று கேட்கும் ஒரு குரல். அந்தக் குரலும் ஏழு வருடத்துக்கு முன்னால் நின்றுபோனது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களை மாமா வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று நைனா எவ்வளவோ கெஞ்சினார். பார்க்கிறவர்கள் கதவு எண் பதினேழுக்கு வந்து பார்க்கட்டும் என்றாள். ஒருவரும் வரவில்லை. அந்த வீட்டிலேயேதான் கடைசிவரை இருந்தாள். இடையில் காலனிக்கு ஒரு தலைவரின் பெயரை வைத்துப் பலகை நட்டார்கள். பஸ் கண்டக்டர் அப்போதும் “காலனிலாம் எறங்கு” என்றுதான் கத்தினார். நான் ஊருக்குப் போயிருந்தபோது என் காதால் கேட்டேன்.

மாலதி தமிழில் கேட்டாள். அவள் தமிழில் பேசும்போது வார்த்தைகளைத் தேடித் தேடி எடுப்பாள்.

“பெரியம்மா உன்ன மன்னிச்சாங்களா?”

“அவ எங்கிட்ட கோவப்படவே இல்லையே.”

“அது பதில் இல்ல அம்மா.”

இல்லைதான். அவள் எழுந்துபோய் டீ போட்டாள். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். தோழி வீட்டு முகவரியைக் கொடுப்பதை நிறுத்தப்போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நிறுத்து என்று நானும் கேட்கவில்லை. வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. அவளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

படிவத்தில் எந்தக் கட்டத்திலும் நான் குறி போடவில்லை. மேசைமேல் கிடக்கிறது.

8

மன்னித்தாளா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ளது ஒரே ஒரு விஷயம். மாலதியிடம் அதை மட்டும் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகள் முடிகிற வருடம் நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மதராஸ் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். நைனா பெட்டியை மேலே ஏற்றுவதற்கு ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலுக்குக் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி எப்போது பார்ப்போமோ என்று எனக்குத் தோன்றியது. குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு ஹாஸ்டல்ல… எனுக்காகத்தான அப்புடி சொன்ன? என்ன காப்பாத்தத்தான? நான் பாவி அக்கா.”

அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“உனுக்காக இல்ல விஜி” என்றாள். “அப்புடித்தான் நீ நெனச்சிக்கினு இருக்கறியா?”

“பின்ன?”

“அந்தப் பொண்ணு என்ன ஏற எறங்கப் பாத்தா. நான் இவ அக்கா, காலனியிலேருந்து வந்துருக்கறேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல. எனுக்கே வெக்கமா இருந்துச்சி.” கம்பியை இறுக்கிப் பிடித்தாள். “முப்பத்திரெண்டு வூட்டுக்கு நம்பர் போட்டவ நானு. அந்த கேட்டுல நிக்கசொல்லோ எனுக்கு வாய் வரலடி. நீ செஞ்சத நான் அன்னிக்கே மறந்துட்டேன். நான் செஞ்சதத்தான் மறக்க முடியல.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

“போயி சேந்ததும் எழுது” என்றாள்.